ஏழாவது கேள்வி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தாய், தகப்பன், அத்தை மூன்று பேரையும் ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே இருக்கிறார்கள். முதலில் அவர்களை வீட்டுக்குக் கூட்டி வருவோம்.

டாக்டர் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. எடை ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. கையும் காலும் அடிக்கடி நடுங்குகின்றன. அழுதால் சத்தம் பக்கத்துப் பெட்டிக்குக்கூடக் கேட்பதில்லை. அத்தைக்காரி முதல்முறை பார்த்துவிட்டு, "ஒரு கைப்பிடிதான் இருக்கா," என்றாள். அன்றிலிருந்து குழந்தைக்குக் கைப்பிடி என்றே பெயர் நின்றுவிட்டது.

குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தபோது அதில் காரீயம் என்கிற ஈய விஷம் இருந்தது. தாயின் ரத்தத்தைச் சோதித்தார்கள், அதிலும் இருந்தது. அவளிடமிருந்துதான் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. பிரசவத்தன்று தாயின் ரத்தத்தில் அதன் அளவு நாற்பத்தாறு. ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளில் அது நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. நாற்பதுக்குக் கீழே வந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் நம்பிக்கை சொல்லித்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் பத்து நாள் இருந்தவளுக்கு மறுபடி எடுத்துப் பார்த்தால் நாற்பத்தைந்து.

"விஷம் உங்க வீட்டிலதான் இருக்கு," என்றார் டாக்டர். "அது என்னன்னு தெரியற வரைக்கும் பாலும் கிடையாது, குழந்தையை வீட்டுக்கு அனுப்பறதும் கிடையாது."

அந்த இடத்தில்தான் விட்டிருந்தோம்.

இன்று காலை ஏழு மணி. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மெஷினும் வெட்டிப் போட்ட துணிகளும் அரைகுறையாகத் தைத்த பள்ளிச் சட்டைகளும். அது தையல்காரியின் ராஜ்யம். ராத்திரியில் அங்கேயே படுத்துக்கொள்வாள். பின்னறை, அவள் கைபிடித்து வளர்த்த தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்.

தையல்காரி விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவையாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து வீட்டைச் சோதிக்கப்போகிறார். எதையும் துடைக்காதீர்கள், இருக்கிறபடியே விட்டுவையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் மண்டையை மண்டையை ஆட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வெளியார் வருகிற நாளில் வீட்டை அப்படியே போட்டு வைக்க அவள் கை கேட்கவில்லை.

தம்பி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி வேலை முடித்து, தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதென்று சத்தமில்லாமல் படியேறிப் பழகியவன். அதனால்தான் அவனுக்குப் பூனை என்று பெயர்.

"ஒரு நாளாவது இருமிட்டு வாயேன்டா," என்றாள். "எனக்கு இருக்கறது ஒரு உயிர்தான்."

"ஈரத்துல நடக்கட்டுமா?"

"பறந்து போ."

அவன் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, சுவரோரமாகக் குதிகாலைத் தூக்கி நடந்து பின்னறைக்குப் போய்விட்டான்.

பூனைக்கு வேலை, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறையில். ஆஸ்பத்திரியில் எல்லாருடைய சந்தேகமும் முதலில் அங்கேதான் போனது. உங்களுடையதும் போயிருக்கும். ஆனால் அந்தப் பட்டறையில் கட்டுப்பாடு அதிகம். வேலைக்கான உடுப்பு வாசலைத் தாண்டக்கூடாது. பூட்ஸ் அங்கேயே கிடக்க வேண்டும். நகக்கண் வரைக்கும் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுச் சட்டையைப் போடலாம். போதாததற்கு, தம்பி மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே தையல்காரி பட்டறை முதலாளி முன்னால் போய் நின்று, அவனை உலையிலிருந்து எடுத்து எடைமேடைக்கு மாற்றச் சொன்னாள். அந்த வாய்க்குப் பயந்து மாற்றியும் விட்டார்கள்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் ஒப்பித்தாகிவிட்டது. பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வைத்திருந்தார்கள். ஏழாவது கேள்வி, வேலை செய்யும் இடத்தில் உடுத்துவது எதுவும் வீட்டுக்கு வருகிறதா என்பது. கணவனைத் தனியாகக் கேட்டார்கள். இல்லை என்றான். மனைவியைத் தனியாகக் கேட்டார்கள். அவளும் இல்லை என்றாள்.

எட்டு மணிக்குப் பெற்றவள் கிளம்பினாள். தினமும் இந்த நேரத்துக்குப் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்புவாள். பிரசவமான உடம்பு, படியில் ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்க வேண்டும். தையல்காரி தூக்குவாளியைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேன் அண்ணி. இங்க வந்தப்புறந்தான் தூக்கமே வருது. அங்க இருந்த பன்னெண்டு ராத்திரியும் கண்ணை மூடல."

"சொந்தப் படுக்கைன்னா அப்படித்தான்," என்றாள் நாத்தனார்.

வார்டுக்குப் பக்கத்தில் தாய்மார்கள் பால் எடுப்பதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. மூன்று நாற்காலி, மூன்று மெஷின், நடுவில் திரைகூடக் கிடையாது. மெஷின்கள் மூன்றும் ஒரே தாளத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து நாற்காலிகளில் இருக்கிறவர்கள் பாட்டில் நிறைந்ததும் அதில் பெட்டி எண் எழுதிய சீட்டை ஒட்டி, ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவள் பாட்டிலுக்குச் சீட்டு கிடையாது. எடுக்காமல் விட்டால் பால் வற்றிவிடும் என்பதற்காக எடுக்கிறாள். எடுத்ததைக் கொட்டிவிட வேண்டும்.

முதல் நாள் நர்ஸ், குடும்மா நான் ஊற்றிவிடுகிறேன் என்றாள். இவள் கொடுக்கவில்லை. தினமும் தானே எடுத்துப்போய், தொட்டியில் குழாயைத் திறந்து விட்டு, தண்ணீரோடு தண்ணீராகப் போகும்படி மெல்லச் சாய்ப்பாள். வெள்ளையாக ஓடுவதைப் பார்க்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

இன்றைக்கு அறுபது மில்லி. நேற்றைவிடப் பத்து குறைவு.

கைப்பிடிக்கு இன்று இருபத்து மூன்றாம் நாள். எடை ஒரு கிலோ அறுநூற்றிருபது. மூக்கு வழியாகப் போகிற குழாயில் டப்பாப் பால் சொட்டுகிறது. பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டு, நடுங்குகிற கால்களின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கனம் தெரிந்ததும் நடுக்கம் கொஞ்சம் அடங்குகிறது. கையை எடுத்தால் மறுபடி.

வார்டு நர்ஸ் வந்து பக்கத்தில் நின்றாள். நல்ல மாதிரி. ஆஸ்பத்திரியில் இல்லாமல் வீட்டில் மட்டும் இருக்கிறது எதுவென்று யோசித்துப் பார்க்கச் சொன்னாள். தண்ணீரா, சமைக்கிற பாத்திரமா, கண்மையா, குங்குமமா, ஏதாவது மருந்துப் பொடியா என்று அவளே எடுத்தும் கொடுத்தாள்.

பெற்றவள் கையை எடுக்காமலே யோசித்தாள். குழாய்த் தண்ணீர், இரண்டு அலுமினியச் சட்டி, ஓர் எவர்சில்வர் குடம், பாய், மெத்தை, அண்ணியின் ஊசி நூல், சுவர், ஜன்னல். ஒவ்வொன்றாக விரலை மடக்கிச் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று இல்லை. அதை ஒரு பொருளாகவே அவள் மனசு எண்ணவில்லை.

அங்கே வீட்டில், சொன்ன நேரத்துக்குச் சோதனைக்காரம்மா வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். கையில் தடுப்பு தடுப்பாகப் பிரித்த ஒரு பெட்டி. நாற்காலி போட்டார்கள், வேண்டாமென்று தரையிலேயே மண்டியிட்டுவிட்டார். முட்டி இரண்டும் சடக்கென்று சத்தம் போட்டன.

"தரையைத் துடைச்சீங்களா?"

"லேசா," என்றாள் தையல்காரி.

"எத்தனை தடவை?"

"மூணு."

அந்த அம்மா அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

சோதனை சுலபமானதுதான். ஈரப் பஞ்சால் ஓர் இடத்தை ஒற்றி எடுத்து, அதன்மேல் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட வேண்டும். ஈயம் இருந்தால் பஞ்சு ரோஜா நிறமாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். குழாய் மூடி, சட்டி, குடம், அடுப்படி, வாசற்படி, பூனையின் செருப்பு, அவன் தலைமுடி, அவன் நகம். எல்லாப் பஞ்சும் வெள்ளை. ஒரு தட்டில் வரிசையாகக் கிடந்தன.

அந்த அம்மா படிவத்தைப் புரட்டி, பூனையை நிமிர்ந்து பார்த்தார். வேலை எடைமேடையில்தானே என்று கேட்டார். அவன் அக்காவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். பத்து நாள் எடைமேடையில் இருந்ததாகவும், அதற்குள் உலையில் இருந்த ஒருவன் கையைச் சுட்டுக்கொண்டதாகவும், இரண்டு நாளைக்கு மட்டும் என்று கூப்பிட்டார்கள், அது அப்படியே நின்றுவிட்டது என்றும் சொன்னான்.

"அப்ப இந்த ஏழு மாசமும்?" என்றாள் தையல்காரி.

"உலைதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொன்னா நீ மறுபடியும் முதலாளிகிட்டப் போவ. அங்க எல்லாரும் என்னை அக்கா வீட்டுப் பிள்ளைன்னு கூப்பிடறாங்க."

சோதனைக்காரம்மா அதை எழுதிக்கொண்டு, ஏழாவது கேள்வியைத் திரும்பக் கேட்டார். அவன் இல்லை என்றான். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

அடுத்து அவர் ஜன்னல் பக்கம் போனார். தையல்காரியும் பின்னாலேயே போனாள். டாக்டர் "உங்க வீட்டிலதான்" என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் நெஞ்சில் இருந்தது அந்த ஜன்னல்தான். தம்பி மனைவிக்கு இரண்டாம் மாதம் நடக்கும்போது, அறை வெளிச்சமாக இருக்கட்டும் என்று, பழைய பெயிண்டைத் தானே சுரண்டி எடுத்துப் புதிதாக இளம்பச்சை அடித்தாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பது யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து இவளுக்குப் பேச்சுத் துணையாக இருந்தாள். பறந்த தூளெல்லாம் அவள் தலைமுடியில் படிந்து, இரண்டு பேருமாகச் சிரித்தார்கள், இப்போதே நரைத்துவிட்டது பார் என்று.

இதை அவள் சோதனைக்காரம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. "நான்தாம்மா. வேற எங்கயும் தேட வேணாம். எழுதிக்குங்க."

அந்த அம்மா பச்சைப் பெயிண்டைக் கத்தி நுனியால் கீறி, அடியில் இருந்த பழசை ஒற்றினார். இரண்டு சொட்டு விட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை. சந்தேகத்துக்கு இன்னொரு மூலையில் எடுத்தார். அதுவும் வெள்ளை.

தையல்காரி அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மேல் இல்லை என்றதும் மனசுக்குள் ஏதோ லேசானது. குழந்தை அங்கே நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது தனக்கு இப்படி லேசாகிறதே என்று அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது.

"அந்தப் பொண்ணு நாளெல்லாம் அதிக நேரம் எங்க இருப்பா?" என்று கேட்டார் சோதனைக்காரம்மா.

"படுக்கையிலதான். சாப்பிட்டது எதுவும் தங்காது. படுத்தே கிடப்பா."

"சரி, படுக்கையைப் பாத்துடலாம்."

"படுக்கை எதுக்கும்மா," என்றான் பூனை.

அவன் அதைச் சொன்ன விதத்தில், இரண்டு பெண்களும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

மெத்தையில் எடுத்த பஞ்சு லேசாகச் சிவந்தது. தலையணையில் எடுத்த பஞ்சு, சொட்டு விழுந்ததுமே குப்பென்று நிறம் மாறியது. ரோஜா நிறம் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அவ்வளவு அடர்த்தி. சோதனைக்காரம்மா தலையணையை அழுத்திப் பார்த்துவிட்டு, உறைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு சாம்பல் நிறச் சட்டை. பையின்மேல் பட்டறையின் எண் தைத்திருந்தது.

அதற்கப்புறம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

மூன்றாம் மாதத்தில் அவள் தண்ணீர் குடித்தால்கூட வாந்தி எடுத்தாள். சோப்பு, எண்ணெய், அடுப்பு, மழை எதன் வாசனையும் ஆகவில்லை. ஒரு நாள் பட்டறையில் தண்ணீர் வரவில்லை என்று அவன் குளிக்காமல், வேலைச் சட்டையோடு வந்துவிட்டான். அவள் வாசலிலேயே அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள். குமட்டல் நின்றுவிட்டது. அப்படியே நின்றபடி கால் மணி நேரம் தூங்கினாள். அன்று ராத்திரி அந்தச் சட்டையைக் கேட்டாள். அவன் வேலைக்குப் போனபிறகு அதில் முகத்தைப் புதைத்துப் படுத்து, விடியும்வரை தூங்கினாள். காலையில் ரொட்டி சாப்பிட்டாள். அது தங்கியது.

அன்றிலிருந்து தினமும் ஒரு சட்டையைக் காவலாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். மறுநாள் அதைக் கொண்டுபோய்விட்டு வேறொன்று. துவைத்த சட்டை உதவாது, வாசனை போய்விடும். ஆனால் தூசியோடும் கொண்டுவரவில்லை. பட்டறையில் காற்றுக்குழாய் இருக்கிறது. ஒவ்வொரு சட்டையையும் உள்ளும் புறமும் காற்றால் ஊதி, உதறி, பார்த்துத்தான் மடித்தான். விஷம் கையிலும் பூட்ஸிலும் இருக்கும், சாப்பாட்டில் கலக்கும் என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊதின சட்டையில் ஒரு பொட்டுத் தூசி கண்ணில் படவில்லை.

"கண்ணுல படறது மேலா ஒட்டியிருந்ததுப்பா. அது பறந்துபோச்சு," என்றார் சோதனைக்காரம்மா. "நூலுக்குள்ள போனது எங்கயும் போகாது."

அவர் திட்டவில்லை. அவள் மூச்சோடும் உதட்டோடும் போனது ரத்தத்தில் கலந்து எலும்பில் போய்த் தங்கியிருக்கும் என்றும், பிள்ளைக்கு எலும்பு வளரத் தாயின் எலும்பிலிருந்து சத்து கரையும்போது இதுவும் கூடவே கரைந்து போகும் என்றும் விளக்கினார். இனிமேல் புதிதாகப் போகாவிட்டால் ரத்தத்தின் அளவு வாரக்கணக்கில் இறங்கும். நாற்பதுக்குக் கீழே போக அதிக நாள் ஆகாது. எலும்பில் இருப்பது வருஷக்கணக்கு. குழந்தைக்கு ஆனது எவ்வளவு என்பதை அது தவழும்போதும் பேசும்போதும்தான் பார்க்க முடியும்.

சட்டை, தலையணை, மெத்தை மூன்றையும் பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி வாசலில் வைத்தார். மேசைமேல் படிவத்தை வைத்தார். ஏழாவது கேள்விக்கு அவரவர் சொன்ன பதிலை அவரவர்தான் மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பூனை அங்கேயே மாற்றினான். பக்கத்தில் இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் படிவம் வார்டுக்குப் போனால் நாளைக்கு டாக்டர் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கினார்.

வெறும் கட்டில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

தம்பிதான் பேசினான். அவளிடம் சொல்ல வேண்டாம் என்றான். கையெழுத்து எதற்கென்று சொல்லாமலே வாங்கிவிடலாம். ராத்திரி ராத்திரி கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியது இதுதான் என்று தெரிந்தால் அவள் மறுபடி சாப்பிடவே மாட்டாள்.

"ஜன்னல் பெயிண்ட்டுன்னு சொல்லிடுக்கா."

தையல்காரி அவனைப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்க அந்த ஜன்னலைச் சுமந்தவள். இன்னும் சுமக்கச் சொல்கிறான்.

"சொல்றேன்டா," என்றாள். "எனக்கென்ன. என்னை வெறுத்தாலும் ரெண்டு நாள்ல சண்டை போட்டுச் சரிபண்ணிடுவேன். உன்னை வெறுத்தா அவளுக்குப் போக்கிடம் ஏது?"

மூன்று மணிக்குப் பெற்றவள் வந்தாள். வாசலில் கட்டிக்கிடந்த பைகளைத் தாண்டி உள்ளே வந்து, பின்னறையை எட்டிப் பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்காரி முந்திக்கொண்டு ஜன்னலைப் பற்றி ஆரம்பித்தாள். சுரண்டினது நான், உனக்கு நினைவிருக்கும், அந்தத் தூள்தான் என்று கோர்வையாகவே சொன்னாள். மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் போல.

"ஜன்னலாலன்னா தலையணை ஏன் அண்ணி வாசல்ல கிடக்கு?"

தையல்காரி திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

பெற்றவள் கணவனைப் பார்த்தாள். ஆறு மாதமாக நாத்தனாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று உறைக்குள் ஒளித்து வைத்திருந்ததை, இப்போது நாத்தனார் எதிரிலேயே கேட்டாள்.

"சட்டையா?"

அவன் தலையை ஆட்டினான்.

அவள் அழவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். மெஷின்மேல் ஒரு பள்ளிச் சட்டை கிடந்தது. அதை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நான்தானே கொண்டுவந்தேன்," என்றான் அவன்.

"நான் கேட்டேன்."

"கேட்டாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உலையில நிக்கறவன் நான்."

"நீங்க எடைமேடைலதானே இருந்தீங்க?"

அவன் அதையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். கோபம் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை, வந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஆஸ்பத்திரியில ஏழாவது கேள்வி கேட்டாங்க இல்ல," என்றாள் மெதுவாக. "அப்ப எனக்குச் சட்டை ஞாபகம் வந்துச்சு. வராம இல்ல. ஆனா பக்கத்துக் கட்டிலைச் சுத்தி அவங்க வீட்டு ஆம்பளைங்க நாலு பேர் நின்னுட்டு இருந்தாங்க. புருஷனோட அழுக்குச் சட்டையைக் கட்டிக்கிட்டுத் தூங்கறேன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. இல்லன்னுட்டேன். சொல்லிட்டு, மறந்தும் போயிட்டேன்."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கே ஆமான்னு சொல்லியிருந்தா இப்ப நாப்பதுக்குக் கீழ வந்திருக்கும். இன்னிக்குக் கொட்டினது அவ வயித்துக்குப் போயிருக்கும்."

பூனை முதல்முறையாக வாய்விட்டு அழுதான். சத்தம் போட்டு அழத் தெரியாதவன். அவள் அவனைத் தொடவில்லை. பேனாவை எடுத்து, காலிக் கட்டத்தில் ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தாக விழுந்தது.

"நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்," என்றாள் தையல்காரி, செருப்பைத் தேடிக்கொண்டே. "நீ படு. என் பாயில படு."

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

உலையில் அவனோடு நிற்கிற ஒருவன் இருக்கிறான். மீசை என்று கூப்பிடுவார்கள். அவன் மனைவிக்கும் வயிற்றில் எதுவும் தங்குவதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். இரக்கப்பட்டு, இரண்டு மாதத்துக்கு முன்னால், பூனைதான் வழி சொல்லிக்கொடுத்தான். காவலாளியை எப்படித் தாண்டுவது என்றும், காற்றுக்குழாயால் எப்படி ஊதுவது என்றும்கூடச் சொல்லிக்கொடுத்தான். போன வாரம் மீசை கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம்.



"எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள் பெற்றவள்.

"அஞ்சு."

அவள் எழுந்தாள். எழும்போது அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள். தையல்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். படிவத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் ஆஸ்பத்திரிக்கு ஓடறேன், நீங்க அங்க போங்க," என்று மட்டும் சொன்னாள்.

மீசையின் வீடு நாலு தெரு தள்ளி. அரை மணி நேரம் ஆனது அவர்களுக்கு. இரண்டு இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டான். அவள் சுவரை விட்டு மறுபடி நடந்தாள். இன்றைக்கும் அந்தப் பெண் படுக்கப் போவாள் அல்லவா.

கதவைத் திறந்தவளுக்கு வயிறு அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. சின்னப் பெண். கன்னம் உப்பி, தூங்கி எழுந்த முகம் பளிச்சென்று இருந்தது. உள்ளே அவர் தூங்குகிறார் என்று சைகை காட்டிவிட்டு, இருவரையும் பார்த்து மலர்ந்து சிரித்தாள்.

"வாங்கக்கா. உங்க ரெண்டு பேரையும் பத்தி எவ்வளவு சொல்வார் தெரியுமா. குழந்தை வீட்டுக்கு வந்தாச்சா?"

பூனை வாயைத் திறந்தான். பெற்றவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். வீட்டிலிருந்து கிளம்பியபிறகு அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல்முறை.

"இன்னும் வரலம்மா," என்றாள். "உன்னை ஒண்ணு கேக்கணும். வெக்கப்படாம பதில் சொல்லணும்."